இலக்கம் நகரக் கூடாது: கண்டிப் பகுதிப் பெனல் தொழிலாளரின் கொள்கைப் பிரகடனம்

கட்டுகஸ்தோட்டையிலும் குண்டசாலையிலும் பல்லேகலையிலும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் கட்டுப்பாட்டுப் பெனல்களைக் கட்டுகிறவர்கள், திறக்கிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள் நாங்கள். எலெக்ட்ரீஷியன், பெனல் வயரிங் செய்பவர், பி.எல்.சி. புரோகிராம் எழுதுபவர், மெயின்டனன்ஸ் ஃபோர்மன், பயிற்சிக்கு வந்த பிள்ளை என்று எங்களுக்குள் பல வரிசை. சிங்களம் பேசுகிறவர் உண்டு, தமிழ் பேசுகிறவர் உண்டு. கையேட்டை மட்டும் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம், முடிந்த அளவுக்கு. ஒரே ஒரு விஷயத்துக்காக ஒன்றுகூடி இந்தப் பிரகடனத்தை எழுதுகிறோம். ஒரு கட்டுப்பாட்டு முறைமையில் ஓர் உள்ளீட்டுக்கோ வெளியீட்டுக்கோ வைத்த இலக்கம், அந்த முறைமை வளரும்போது இடம் மாறக் கூடாது.

இதற்கெல்லாம் ஓர் இயக்கமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எங்கள் இயக்கத்துக்கு இன்னும் பெயர்கூட இல்லை. பெயர் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இலக்கம் சரியாகட்டும்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பி.எல்.சி. என்பது தொழிற்சாலைக்கென்று செய்த கணினி. பொத்தான், லிமிட் சுவிட்ச், மிதவை சுவிட்ச், வெப்ப சென்சர் ஆகியவற்றின் வயர்கள் அதன் உள்ளீட்டு முனைகளில் ஏறும். கொன்டக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), வால்வு, விளக்கு, சைரன் ஆகியவற்றுக்கான வயர்கள் வெளியீட்டு முனைகளிலிருந்து இறங்கும். நடுவில் இருக்கும் புரோகிராமுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் இலக்கம்தான். ‘0.3 வந்தால் 2.0ஐப் போடு’ என்று எழுதியிருந்தால் போட்டுவிடும். அந்த 2.0இல் தொங்குவது காற்றாடியா, ஆள் கைவிட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும் இயந்திரமா என்று கேட்காது.

இதற்கு முந்திய ரிலே காலத்தில் இந்தச் சங்கடம் இருக்கவில்லை. அலமாரி நிறைய ரிலே இருந்தாலும், வயர் எங்கே போனதோ அங்கேதான் கரண்ட் போகும். படத்தில் இலக்கம் பிழைத்தாலும் மோட்டார் பிழைக்காது. 1968இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் அந்த ரிலே அலமாரிகளுக்கு மாற்று வேண்டும் என்றது. டிக் மோர்லியும் கூட்டாளிகளும் மோடிகன் 084ஐச் செய்து கொடுத்தார்கள். அவர்களுடைய 84ஆவது வேலை என்பதால்தான் அதற்கு அந்த இலக்கம். அன்றிலிருந்து, செம்புக் கம்பி செய்த வேலையில் பாதியை இலக்கம் செய்கிறது. அப்படியானால் கம்பிக்குக் கொடுக்கும் மரியாதையை இலக்கத்துக்கும் கொடுக்க வேண்டும். கொடுக்கிறோமா?

எங்கள் பகுதியில் இந்த இலக்கச் சிக்கல் ஏன் கூடுதல் என்பதை அறிய மகாவலி ஆற்றைப் பார்த்தால் போதும். கொத்மலை அணை சுவீடன் உதவியில் எழுந்தது. விக்டோரியா பிரித்தானிய உதவியில் கட்டப்பட்டு 1985இல் திறக்கப்பட்டது. ரந்தெனிகலை மேற்கு ஜெர்மனியின் உதவி. மேல் கொத்மலை ஜப்பான் கடன், 2012. அவற்றுக்கெல்லாம் முன்பே, 1976இல், பொல்கொல்லையில் ஆற்றை மறித்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். கட்டுகஸ்தோட்டையில் நாம் குடிக்கும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையமும் கன்னொறுவையின் கழிவுநீர் நிலையமும் ஜப்பான் கடனில் வந்தவை. ஆறு ஒன்று, அதன் கரையில் பல நாட்டுப் பொறியியல். கடன் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே வரைபடப் பழக்கமும் இலக்கப் பழக்கமும் பெரும்பாலும் கூடவே வந்து இறங்கும்.

சீமென்ஸ் கருவியில் ஜெர்மன் முறையில் உள்ளீட்டுக்கு ‘ஈ’, வெளியீட்டுக்கு ‘ஏ’. அதே கருவியை ஆங்கில முறையில் வைத்தால் ‘ஐ’, ‘கியூ’. மிட்சுபிஷியில் ‘எக்ஸ்’, ‘வை’. ஓம்ரோனின் சிறிய கருவிகளில் எழுத்தே கிடையாது, 0.00 என்றால் உள்ளே வருவது, 100.00 என்றால் வெளியே போவது. ஒரே நாளில் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் திறக்கும் ஆள் எங்கள் ஊரில் அபூர்வமில்லை.

பெரிய நிலையங்களைப் பற்றி எங்களுக்குக் கவலை குறைவு. அங்கே பொறியியலாளர்கள் இருக்கிறார்கள், வரைபட அறை இருக்கிறது. எங்கள் கவலை சிறிய இடங்களைப் பற்றியது: மலைத் தேயிலைத் தொழிற்சாலை, தீவன ஆலை, மரக்காலை, மேட்டுத் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் வீடு. இவை ஒரே நாளில் கட்டி முடித்தவை அல்ல, மேலதிக முனைகளுக்காக பி.எல்.சி.யோடு மாட்டும் கார்ட் கார்டாக வளர்ந்தவை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதிலிருந்து இந்த மலைகளில் தொழிற்சாலைகள் இயந்திரம் இயந்திரமாகத்தான் பெருத்தன. ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகம். அந்தத் தலைமுறைத் தொழிற்சாலைகளில் ஓர் எஞ்சின் ஒரு நீண்ட ஷாஃப்ட்டைச் சுற்றும், அதிலிருந்து பெல்ட் போட்டு எல்லா இயந்திரங்களும் ஓடும். இப்போது இயந்திரத்துக்கு ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு கொன்டக்டர், கொன்டக்டருக்கு ஒரு வெளியீட்டு இலக்கம். அடுத்த வருடம் இன்னும் இரண்டு இயந்திரம் வரும். கேள்வி அங்கேதான் பிறக்கிறது: புதிய கார்டை எங்கே மாட்டுவது?

ஒரு தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சொல்லப்போவதை எந்தப் பெனல்காரரும் வெறும் கற்பனை என்று தள்ளமாட்டார். பெனலில் இருப்பது சீமென்ஸ் எஸ்7-200 வகையில் சிபியு 224. அதன் உடம்பிலேயே 14 உள்ளீடு, ஐ 0.0 முதல் ஐ 1.5 வரை. 10 வெளியீடு, கியூ 0.0 முதல் கியூ 1.1 வரை. இந்தக் கருவி எட்டு எட்டாகத்தான் கணக்கு வைக்கும், மிச்சமான 1.2 முதல் 1.7 வரையான வெளியீட்டு இலக்கங்களுக்கு முனையே கிடையாது. பக்கத்தில் மாட்டும் முதல் எட்டு வெளியீட்டு கார்ட் கியூ 2.0இல் தொடங்கும். அதில் கொழுந்து வாட்டும் தொட்டிகளின் காற்றாடிகள். அதற்கடுத்த கார்ட் கியூ 3.0இல் தொடங்கும். அதில் உலர்த்தி: காற்றாடி, சங்கிலி, தீனி போடும் மோட்டார்.

பிறகு, உருட்டிய கொழுந்தின் கட்டிகளை உடைக்கும் புதிய ரோல் பிரேக்கர் ஒன்று வருகிறது. கொன்ட்ராக்டர் இன்னொரு எட்டு வெளியீட்டு கார்டைக் கொண்டுவருகிறார். உலர்த்தி கார்டுக்கு வலப்பக்கம் வயர் டக்ட் இடிக்கிறது. ஆகவே இரண்டு பழைய கார்டுகளுக்கும் நடுவில் செருகிவிடுகிறார். அழகாக உட்கார்ந்துவிட்டது. பச்சை விளக்கு எரிகிறது.

இந்த வகைக் கருவியில் கார்டின் இலக்கம் கார்டில் எழுதியிருப்பதில்லை. இடமிருந்து வலமாக, தன் இனத்துக் கார்டுகளுக்குள் அது எத்தனையாவது என்பதைப் பொறுத்தே இலக்கம் அமையும். வெளியீட்டு கார்ட் வெளியீட்டு கார்டுகளை மட்டும் தள்ளும், உள்ளீட்டைத் தொடாது. ஆகவே உள்ளீடுகள் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், சோதிப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் புதிய கார்ட் இப்போது கியூ 3.0. உலர்த்தி கார்ட் கியூ 4.0க்கு நகர்ந்துவிட்டது. புரோகிராம் பழையது. உலர்த்திக் காற்றாடிக்கு என்று அது அனுப்பும் கட்டளை ரோல் பிரேக்கரின் கொன்டக்டரை இழுக்கும். பொருத்தியவர் அப்போதும் அதன் தட்டில் போல்ட் முடுக்கிக்கொண்டிருக்கலாம். உலர்த்தியில் எதிர்ப்பக்கத்து ஆபத்து. உள்ளே 90 பாகைக்கு மேல் வெப்பக் காற்று இருக்கும்போது சங்கிலி ஓடாமல் நின்றால் தேயிலை அங்கேயே கருகும்.

அந்தக் கருவி நம்மை முற்றாகக் கைவிடவும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எஸ்எம்பி 8 முதல் எஸ்எம்பி 21 வரையான நினைவகத்தில், எந்த இடத்தில் எந்த வகைக் கார்ட் இருக்கிறது, அதில் கோளாறு உண்டா என்பதை அது எழுதி வைக்கிறது. ஏழு கார்டுகளுக்கு இரண்டிரண்டு பைட். ஓடத் தொடங்குமுன் அதை ஒரு தரம் வாசித்துப் பார்த்து, எதிர்பார்த்த கார்ட் இல்லாவிட்டால் எதையும் போடாமல் நிற்கும்படி நாலு வரி எழுதலாம். எழுதுகிறவர் யார்? நாங்கள் திறந்து பார்த்த புரோகிராம்களில் அந்த நாலு வரியைக் கண்டால் எழுதியவரைத் தேடிப்போய்க் கை கொடுக்கலாம் போலிருக்கும். எங்கள் உதாரணத்தில் மூன்று கார்டும் ஒரே வகை என்பதால் வகையை மட்டும் பார்த்தால்கூடப் போதாது. காலியாக இருக்க வேண்டிய மூன்றாவது இடம் காலியாகவே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மிட்சுபிஷி எஃப்எக்ஸ் வகையிலும் இதே கதைதான். கரண்ட் கொடுத்தவுடன் கருவி தன் பக்கத்தில் இருக்கும் யூனிட்டுகளை வரிசையாக எண்ணித் தானே இலக்கம் வைத்துக்கொள்ளும். நடுவில் ஒன்றைச் செருகினால் பின்னால் உள்ளவை எல்லாம் தள்ளிப்போகும்.

இதைவிடப் புத்திசாலித்தனமாக யோசித்தவர்கள் இருந்தார்கள். சீமென்ஸ் எஸ்7-300இல் ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு பைட் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும். நாலாம் இடம் 0.0, ஐந்தாம் இடம் 4.0, ஆறாம் இடம் 8.0. அங்கே 16 முனைக் கார்டை மாட்டி மீதி இரண்டு பைட் வீணாகப் போனாலும் பரவாயில்லை, அடுத்த இடத்தின் இலக்கம் அசையாது. இடத்தை வீணாக்கி அமைதியை வாங்கினார்கள். எங்கள் கொள்கையின் கரு அதுதான். கண்டி மாநகரத்தின் வீட்டிலக்கங்களும் அப்படித்தான். 45க்கும் 47க்கும் நடுவில் யாராவது வீடு கட்டினால் தெருவில் உள்ள எல்லா வீட்டையும் மாநகர சபை மறுபடி எண்ணுவதில்லை. புதியவர் 45/1 ஆகிறார், தபால்காரருக்குத் தொல்லை இல்லை.

அடுத்தது, எங்கே எண்ணத் தொடங்குவது என்ற சண்டை. பெனலுக்கு முன்னால் ஒருவர், இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவர், நடுவில் உருட்டு இயந்திரங்களின் சத்தம். ஃபோனில் இப்படிப் போகும்:

“அண்ணே, சுவிட்ச அமுக்கிட்டேன். மூணாவது லைட் எரியுதா?”

“மூணாவதா, மூணாம் நம்பரா?”

பூச்சியத்தில் தொடங்கும் கருவியில் மூன்றாவது விளக்கின் இலக்கம் 2. இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் அனுபவசாலி. கேட்காதவர் தவறான வயரைக் கழற்றிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் திரும்ப மாட்டுவார்.

எஃப்எக்ஸ் வகையில் எக்ஸ் 7க்குப் பிறகு எக்ஸ் 10. எக்ஸ் 8ம் எக்ஸ் 9ம் உலகத்திலேயே இல்லை, ஏனென்றால் எண்ணுவது எட்டின் அடிமானத்தில். 16 உள்ளீடு உள்ள யூனிட்டில் கடைசி இலக்கம் எக்ஸ் 17. அதே நிறுவனத்தின் கியூ வகைக் கருவியில் எண்ணுவது பதினாறின் அடிமானத்தில். 9க்குப் பிறகு ஏ, பீ என்று எஃப் வரை போய்த்தான் 10 வரும். ஆகவே ‘எக்ஸ் 10’ என்று எழுதிய வயர் எஃப்எக்ஸில் ஒன்பதாவது முனை, கியூவில் பதினேழாவது முனை. கருவியைத் தெரியாதவருக்குப் பதினோராவது. அலன்-பிராட்லியும் சளைத்தவர்கள் அல்லர். அவர்களுடைய பி.எல்.சி.-5 எட்டில் எண்ணியது, எஸ்.எல்.சி. 500 பத்தில் எண்ணியது.

இதற்கு மேல் ஒரு நவீனக் கொடுமை. உள்ளீட்டுப் பட்டியலை எக்செலில் செய்கிறோம். முதல் கட்டத்தில் எக்ஸ் 0 என்று அடித்து மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால், எக்செல் சிரித்துக்கொண்டே எக்ஸ் 8, எக்ஸ் 9 என்று எழுதித் தரும். சீமென்ஸுக்கு இழுத்தால் 0.8, 0.9. இல்லாத முனைகளுக்கு வயர் குறியீட்டு வளையம் அச்சடித்து வந்து கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பயிற்சிப் பிள்ளையின் முகத்தை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மொட்பஸ் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பிரகடனம் முடியாது. 1979இல் மோடிகன் வெளியிட்ட முறை, இன்றும் நீர்ப்பாய்வு மானியும் மின்சக்தி மானியும் மோட்டார் டிரைவும் அதில்தான் பேசுகின்றன. ஆவணத்தில் 40001 என்று இருக்கும் பதிவு, கம்பியில் போகும்போது பூச்சியம். ஒரு மென்பொருள் 40001 என்றே கேட்கும், இன்னொன்று 1 என்று கேட்கும், மூன்றாவது 0 என்று கேட்கும். ஒன்று பிசகினால் வோல்ட்டேஜுக்குப் பதில் பக்கத்துப் பதிவின் வாசிப்பு வரும். அது நம்பும்படியான ஓர் எண்ணாகவே இருக்கலாம், அதுதான் பயம்.

ஒரே பொருளுக்கு எத்தனை பெயர் என்பதையும் பாருங்கள். உலர்த்தியின் வெப்பத்தை வாசிக்கும் சென்சரின் வயர் எஸ்7-200இன் இஎம் 231 கார்டில் ஏறுகிறது. கார்டின் மேல் அந்த வாசலுக்கு ‘ஏ’ என்று அச்சிட்டிருக்கிறது. புரோகிராமில் அது ஏஐடபிள்யூ 0. அடுத்த வாசல் ‘பீ’, புரோகிராமில் ஏஐடபிள்யூ 2, ஏனென்றால் ஒவ்வொன்றும் இரண்டு பைட் எடுக்கும். வரைபடத்தில் ஒருவர் ‘செனல் 1’ என்று எழுதியிருப்பார். தொழிற்சாலையின் டீமேக்கரைக் கேட்டால் ‘டிரையர் ஹீட்’ என்பார். சரியான பெயர் எது என்று நான்கு பேரையும் நிறுத்திக் கேட்டால், எங்கள் தீர்ப்பு டீமேக்கர் பக்கம். மற்ற மூன்றும் கருவி மாறினால் மாறும். உலர்த்தி உலர்த்தியாகவே இருக்கும்.

உலக நியமம் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. 1993இல் முதலில் வெளிவந்த ஐஇசி 61131-3 உள்ளீட்டுக்கு %ஐஎக்ஸ், வெளியீட்டுக்கு %கியூஎக்ஸ் என்று இலக்கணம் வகுத்தது. ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால் வரும் இலக்கம் எந்த இடத்தில் உள்ள எந்த முனையைக் குறிக்கும் என்பதைத் தயாரிப்பாளரிடமே விட்டுவிட்டது. ஐஇசி 81346 வேறு வழியாக வந்தது. பொருளின் வேலைக்கு ‘=’, இருக்கும் இடத்துக்கு ‘+’, பொருளுக்கு ‘-’ என்று மூன்று குறி. நல்ல சிந்தனை, இந்தத் தீவின் சிறிய தொழிற்சாலைகளுக்கும் பொருந்தும். அதிலிருந்து கடன் வாங்கியே கீழுள்ள கொள்கைகளை வகுத்தோம். கொள்கைகளுக்குப் பத்துப் பத்தாக இலக்கம் வைத்திருப்பது வேண்டுமென்றேதான்.

கொள்கை 10. டெர்மினல் வரிசையே எல்லை. அதற்கு வெளியே, அதாவது இயந்திரத்தின் பக்கம், வயரில் இருப்பது இயந்திரத்தின் இலக்கம். அதற்கு உள்ளே, கார்டின் பக்கம், வயரில் இருப்பது கருவியின் இலக்கம். டெர்மினலில் இரண்டும் சந்திக்கும். இயந்திரத்தின் இலக்கம் அந்த இயந்திரம் கழற்றி விற்கப்படும் வரை மாறாது. கருவியின் இலக்கம் கருவி மாறினால் மாறலாம், ஆனால் அந்த மாற்றம் டெர்மினலைத் தாண்டி வெளியே வரக் கூடாது. எங்களுக்குள் நீண்ட நேரம் விவாதித்தது இந்தக் கொள்கையைத்தான். பழைய கைகள் சிலர், ‘வயர் முழுக்கக் கருவியின் இலக்கம் இருந்தால்தான் விளக்கைப் பார்த்து வயரைப் பிடிக்கலாம்’ என்றார்கள். நியாயம்தான். எஸ்7-200 சந்தையிலிருந்து போன பிறகு அதே ஆட்கள்தான் எஸ்7-1200 போட்டார்கள். சிபியு 1214சியிலும் 14 உள்ளீடு, 10 வெளியீடு, இலக்கங்களும் ஐ 0.0 முதல் ஐ 1.5 வரை அதேதான். மனம் குளிர்ந்தது. ஆனால் பக்கத்தில் மாட்டிய முதல் கார்ட் 2.0இல் தொடங்கவில்லை, அந்தக் கருவி தானாக வைக்கும் இலக்கம் 8.0. அடுத்தது 12.0. தொடக்க இலக்கத்தை மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம் என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் தொழிற்சாலை முழுக்க வயர் வளையங்கள் பொய் சொல்லத் தொடங்கியிருந்தன.

புரோகிராமிலும் இதே எல்லை வேண்டும். கருவியின் இலக்கங்கள் ஒரே ஒரு பகுதியில் மட்டும் வரட்டும்: அங்கே உள்ளீடுகளை வாசித்து இயந்திரப் பெயர்களில் போட்டுக்கொள்வது, கடைசியில் இயந்திரப் பெயர்களிலிருந்து வெளியீடுகளுக்கு அனுப்புவது. மற்ற எல்லா வரிகளும் இயந்திரப் பெயரில். கருவி மாறினால் ஒரு பக்கம் மாற்றினால் போதும்.

கொள்கை 20. வளர்ச்சி வாலில். கார்டை நடுவில் செருகாதே. டக்ட் இடித்தால் டக்டை வெட்டு, பெனல் போதாவிட்டால் பக்கத்தில் இன்னொரு பெட்டி வை.

கொள்கை 25. (எழுதிக்கொண்டிருக்கும்போது கட்டுகஸ்தோட்டைத் தோழர் ஒருவர் கேட்டுச் சேர்த்தது. பத்துப் பத்தாக வைத்ததன் பயன் உடனேயே தெரிந்தது.) இலக்கத்துக்குப் பக்கத்தில் விளக்கம் மூன்று மொழியிலும் இருக்கட்டும். இலக்கம் எல்லோருக்கும் ஒன்று. சிங்களத்தில் கத்தினாலும் தமிழில் கத்தினாலும் 12 என்றால் 12தான். எங்கள் தொழிலில் இரு மொழிக்காரரும் சண்டையில்லாமல் பொதுவாக வைத்திருக்கும் சொத்து அது. ஆனால் இரவு முறையில் தனியாக நிற்பவருக்கு 12 என்பது என்ன என்று தன் மொழியில் தெரிய வேண்டும்.

கொள்கை 30. எட்டா, பத்தா, பதினாறா, பூச்சியமா, ஒன்றா என்பதைப் பட்டியலின் முதல் வரியில் எழுது. மொட்பஸ் பட்டியலானால் ஒரு பதிவை உதாரணமாக எடுத்து, ஆவண இலக்கமும் கம்பியில் போகும் இலக்கமும் பக்கத்தில் பக்கத்தில்.

கொள்கை 40. காலி முனைக்கும் இலக்கம் உண்டு, பட்டியலில் வரி உண்டு. புதிய பெனலில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடு, வயரையும் டெர்மினல் வரை இழுத்து வை.

கொள்கை 50. செத்த இலக்கத்தை உயிர்ப்பிக்காதே. மூன்றாம் நம்பர் ரோலரைக் கழற்றிவிட்டால் மூன்றாம் நம்பர் அத்தோடு ஓய்வு பெறுகிறது. புதிய ரோலர் வந்தால் அடுத்த இலக்கம். பழைய லொக் புத்தகத்தில் ‘3 சூடாகிறது’ என்று எழுதியிருப்பது எந்த இயந்திரம் என்று பத்து வருடத்துக்குப் பிறகும் தெரிய வேண்டும்.

கொள்கை 60. உயிருக்கு உத்தரவாதம் இலக்கத்தில் இல்லை. அவசர நிறுத்தப் பொத்தான் புரோகிராமை நம்பியிருக்கக் கூடாது, கொன்டக்டரின் கரண்டை நேரே அறுக்க வேண்டும். ஒரு கார்டைத் தொட்டால், மோட்டார்களின் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டிவிட்டு எல்லா வெளியீட்டையும் ஒவ்வொன்றாகப் போட்டு எந்தக் கொன்டக்டர் இழுக்கிறது என்று பார்த்த பிறகே பூட்டைத் திறப்பது. தொட்ட கார்டை மட்டும் சோதிப்பது போதாது. மேலே சொன்ன உதாரணத்தில் நகர்ந்தது தொடாத கார்ட்.

கொள்கை 70. பட்டியல் பெனல் கதவின் உட்புறத்தில் இருக்கும். புரோகிராமின் பிரதி தொழிற்சாலைக்காரரின் கையில் இருக்கும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் கொழும்பிலிருந்து வந்து போகும் செலவைக் கறக்கும் பழக்கத்தை நாங்கள் தொழில் என்று ஏற்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவருக்கு அவருடைய இயந்திரத்தின் இலக்கங்கள் தெரியக் கூடாது என்பது என்ன நியாயம்?

கொள்கை 80. காலி.

இனி ஓர் எச்சரிக்கை, எங்கள் பக்கத்து ஆர்வக்காரர்களுக்கு. இந்தப் பிரகடனத்தைப் படித்துவிட்டு நாளைக்கே பழைய பெனல்களைத் திறந்து எல்லாவற்றையும் ‘ஒழுங்காக’ மறுபடி எண்ணத் தொடங்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெனலில் இலக்கம் அசிங்கமாக இருக்கலாம், இடையில் ஓட்டை இருக்கலாம், ஒருவர் ‘எக்ஸ்’ என்றும் இன்னொருவர் ‘ஐ’ என்றும் எழுதியிருக்கலாம். அதைக் கேட்டுப் பழகிய ஆட்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அழகுக்காக இலக்கத்தை நகர்த்துவதும் நகர்த்துவதுதான். பழைய பெனலுக்கு நாம் செய்ய வேண்டியது, இருப்பதை இருக்கிறபடியே எழுதி வைப்பது மட்டும். புதுக் கொள்கை புதிய வயரிலிருந்து தொடங்கட்டும்.

தொழிற்சாலை முதலாளிமாரிடமும் தோட்டத் துரைமாரிடமும் எங்கள் கோரிக்கை இது. விலை கேட்கும் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: ‘உள்ளீடு, வெளியீட்டுப் பட்டியலும் புரோகிராம் பிரதியும் ஒப்படைக்கப்பட்ட பிறகே கடைசித் தவணை.’ அந்த ஒரு வரி, எங்கள் கூட்டங்கள் எல்லாவற்றையும்விட அதிக வேலை செய்யும். பேராதனைப் பொறியியல் பீடமும் இந்தப் பகுதியின் தொழில்நுட்பக் கல்லூரிகளும் லேடர் முறையில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கின்றன, நன்றாகவே. இலக்கப் பட்டியல் ஒன்றை ஆறு கார்டுகளோடு எழுதச் சொல்லி, பிறகு ஏழாவது கார்டைக் கொடுத்து, ‘இப்போது என்ன செய்வாய்?’ என்று கேட்கும் ஒரு பயிற்சியையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறோம்.

இந்த இயக்கத்தில் சேரக் கட்டணம் இல்லை, படிவம் இல்லை. நாளை வேலைக்குப் போனதும் உங்கள் பெனலின் கதவைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். பட்டியல் இல்லாவிட்டால் ஒரு தாளும் பேனாவும் எடுத்து, இன்று எந்த முனையில் எது இருக்கிறதோ அதை எழுதி, தேதியும் உங்கள் பெயரும் போட்டு ஒட்டுங்கள். அன்றிலிருந்து நீங்களும் உறுப்பினர்.